ஈரம் காயாத சைகோன்காரர்

வேளாங்கண்ணி என் அண்ணன் அமலநாதனுடைய பெண்டாட்டி. அவளுக்குப் படம் வரைகிற பைத்தியம் எங்கிருந்து பிடித்தது என்று எங்கள் சொந்தத்தில் கேட்காத ஆள் இல்லை. எங்கிருந்து பிடித்தால் இவர்களுக்கு என்ன? ஆம்பளைகள் சாராயத்துக்கும் சேவல் சண்டைக்கும் பைத்தியம் பிடித்துத் திரிந்தபோது ஒருத்தரும் இப்படிக் கேட்டதில்லை. ஒரு பொம்பளை கரித்துண்டை எடுத்துச் சுவரில் ஆடு போட்டால் மட்டும் வந்து நிற்பார்கள். பெரியம்மாக்களும் சித்திகளும் வந்து நின்றார்கள். "கழுதை நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, வெற்றிலையைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். அதுகளுக்கு ஆடும் தெரியாது, கழுதையும் தெரியாது. ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன், அந்த ஆடு கழுதை மாதிரிதான் இருந்தது.

அவள் விட்டுவிடவில்லை. பெரிய மார்க்கெட்டில் கடைகளுக்குப் போர்டு எழுதும் கன்னியப்பன், டப்பா அடியில் மிஞ்சும் பெயிண்டைச் சாக்கடையில் கொட்டுவான். அதைக் கொட்டாங்கச்சியில் வாங்கிக்கொண்டு வருவாள். பதிலுக்கு அவனுக்கு ஒரு கிண்ணம் நெத்திலிக் குழம்பு. பெயிண்ட் இறுகாமல் இருக்க ஆளிவிதை எண்ணெய் ஊற்றிக் குழைக்க வேண்டும் என்பதை ஒரு மாதப் பெயிண்டைக் கல்லாக்கிய பிறகுதான் கண்டுபிடித்தாள். தேயிலைப் பெட்டியைப் பிரித்து அந்தப் பலகையில்தான் வரைவாள். அணில் முடியைக் குச்சியில் கட்டிக்கொள்வாள்.

முதலில் அவள் போட்ட மனுஷர்களுக்கெல்லாம் கண் நெற்றியில் இருந்தது. எல்லாரும் பூசணிக்காய்க்குப் பொட்டு வைத்த மாதிரி முழித்துக்கொண்டிருப்பார்கள். ஒருநாள் ஈர்க்குச்சியை ஒடித்துக்கொண்டு வந்து என் முகத்துக்கு நேரே பிடித்தாள். "ஏ பாப்பா, உச்சந்தலைக்கும் மோவாய்க்கும் நட்ட நடுவுலதான்டி கண்ணு இருக்கு!" என்று குதித்தாள். அதற்கப்புறம் அளக்காத ஆள் இல்லை. என்னை அளந்தாள், அவள் மாமியாரான எங்கள் அம்மாவை அளந்தாள், பால்காரனை அளந்தாள், எங்கள் வெள்ளாட்டைக்கூட அளந்தாள்.

ரொம்ப நேரம் அசையாமல் உட்கார அவளுக்குக் கிடைத்தவன் என் அண்ணன் ஒருத்தன்தான். அவன் ஆலையில் ராத்திரி முறை. காலையில் வந்து நாற்காலியில் உட்கார்ந்தால் தலை தொங்கிவிடும். அவளும் விடியக்காலத்து வெளிச்சத்தில் அவனை அப்படியே போட்டாள். அதனால் அண்ணன் படம் எத்தனை இருந்தாலும் ஒன்றில்கூடக் கண் திறந்திருக்காது. வினை அங்கேதான் ஆரம்பித்தது. பக்கத்துத் தெருவில் ஒருத்தருக்கு அப்பா செத்துப்போனார். போட்டோ எடுத்து வைக்கவில்லை. அவர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது அண்ணன் படத்தைப் பார்த்துவிட்டு, "செத்தவங்க மூஞ்சி ஒனக்கு நல்லா வருதும்மா. எங்கப்பனையும் போட்டுக்குடு" என்றார். அண்ணன் அங்கேயே நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தான்.

அப்படித்தான் அவள் படம் விலைக்குப் போக ஆரம்பித்தது. சாவு விழுந்தால் ஆள் அனுப்புவார்கள். பிணத்தை எடுப்பதற்குள் போய் முகத்தைப் பார்த்து சிலேட்டில் கோடு போட்டுக்கொண்டு வருவாள். இந்து வீடென்றால் கருமாதிக்கு, எங்கள் ஆட்களென்றால் முப்பதாம் நாள் பூசைக்குப் படம் தயாராக வேண்டும். அந்தச் சனங்களின் யோக்கியதை எனக்குத் தெரியும். உயிரோடு இருந்தபோது பெற்றவளுக்குக் கஞ்சி ஊற்றாதவன், "எங்கம்மாவுக்கு ரெட்டை வடச் சங்கிலி போடு, கொஞ்சம் செவப்பாவும் போடு" என்று வந்து நிற்பான். வேளாங்கண்ணி சங்கிலி போட்டுக் கொடுப்பாள். நிறத்தை மட்டும் மாற்ற மாட்டாள். "செவப்பு பெயிண்ட் தீந்துபோச்சு" என்பாள்.

படம் முடிந்தால் இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, முகம் வெளியே தெரிகிற மாதிரி தெருவோடு தூக்கிக்கொண்டு போவார்கள். "படம் போவுது" என்றால் கடைக்காரன் தராசைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நிற்பான். யார் செத்தது என்று ஊருக்குத் தெரிவதே அதில்தான்.

கை நன்றாகத் தேறிவிட்டது. ஆனால் அவளுக்குச் செத்தவர்கள் அலுத்துப்போனார்கள். சிரிக்கிற வாயை, முறைக்கிற கண்ணைப் போட வேண்டும், அதற்கு ஆள் வந்து உட்கார வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. எவன் உட்காருவான்? அவள் ஈர்க்குச்சியைத் தூக்கினாலே, "சவப்பொட்டிக்கு அளவெடுக்கிறா" என்று ஓடினார்கள். பால்காரன் தெருவையே மாற்றிக்கொண்டான். உயிரோடு இருப்பவனை அவள் போட்டால் வருஷம் திரும்பாது என்று இந்த அறிவுகெட்ட ஊர் முடிவு கட்டிவிட்டது.

அப்போதுதான் முசே தனிஸ்லாஸ் ஆள் அனுப்பினார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டுமே. பிரெஞ்சுக்காரர்கள் பாஷையில் முசே என்றால் ஐயா, அப்படிக் கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார். சைகோனில் ஏதோ ஆபீசில் இருந்துவிட்டு, பென்ஷனும் தொப்பியுமாகத் திரும்பி வந்தவர். கால்வாய்க்கு அந்தப் பக்கம் வெள்ளைக்காரர்கள் நடுவே வீடு வாங்கக் கொழுப்பு இருந்தது, முடியவில்லை. அதனால் இந்தப் பக்கக் கரையில் வீட்டை வாங்கி, அந்தப் பக்கம் பார்த்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். நம்மிடம் பேசும்போது தமிழ் மறந்துபோன மாதிரி இரண்டு தரம் கண்ணை மூடித் திறப்பார். மார்க்கெட்டுக்கு, ஆள் பின்னாலிருந்து தள்ளுகிற புஷ்வண்டியில் வருவார். இறங்கினதும் கைத்தடியால் மீனைக் குத்திப் பார்ப்பார். வாங்க மாட்டார். குத்தின மீனை அப்புறம் எவள் விற்பது? அரியாங்குப்பத்திலிருந்து மீன் கொண்டு வரும் கொளஞ்சிக்கு அவரைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும்.

"எனக்கு இந்த மூட நம்பிக்கையெல்லாம் கிடையாது. நான் நாகரிகம் பார்த்தவன்" என்றார் தனிஸ்லாஸ். ஐப்பசிக் கடைசியில் அவர் பேர் கொண்ட புனிதருக்கு, அவர் பாஷையில் அர்ச்சியசிஷ்டவருக்கு, திருநாள். அன்றைக்குப் பெரிய விருந்து வைத்து, கூடத்தில் படத்தை மாட்ட வேண்டுமாம்.

அண்ணனுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. "ஏம்மே, அந்தாளு படம் போட்டு இன்னா ஆவப்போவுது?"

"அவரு வூட்டுக்கு வராத பெரிய மனுஷன் யாரு? கூடத்துல மாட்டினா அத்தினி பேரும் பாப்பாங்க. ஒருத்தர் உக்காந்தாதான் இன்னொருத்தர் உக்காருவாங்க" என்றாள். நியாயம்தான். இந்த ஊரில் பெரிய மனுஷன் சாக்கடையில் கால் வைத்தாலும் பின்னாலேயே நாலு பேர் வைப்பார்கள்.

போய்ப் போய் வரைந்தாள். நானும் துணைக்குப் போவேன். மனுஷன் அசையவே இல்லை, அதைச் சொல்ல வேண்டும். மூச்சுக்கூட அளந்துதான் விட்டார். தடித்த கீழுதடு, பக்கத்தில் நிற்பவனைப் பார்க்காமல் மேலே பார்க்கிற கண், கழுத்தைப் பிடிக்கிற காலர், எல்லாம் பலகையில் வந்து உட்கார்ந்தன. கர்வத்துக்கு ஒரு முகம் உண்டென்றால் அதுதான். அவர் எழுந்து வந்து பார்த்தார். "சே முவா!" என்றார். 'நானேதான்' என்று அர்த்தமாம். தன் கர்வத்தைப் பார்த்துத் தானே மயங்கினார்.

முகத்துக்குப் பின்னால் கறுப்பு அடிப்பதற்காகப் பலகையை வீட்டுக்குக் கொண்டு வந்தோம். அடைமழை. அடுப்புப் பக்கம் வைத்தும் காயவில்லை. திருநாளன்றைக்கு மழை விட்டது, ஆனால் விரல் வைத்தால் விரலோடு வந்தது. வேளாங்கண்ணி போய்ச் சொன்னாள். "இன்னும் ஈரமா இருக்குதுங்க. துணி போட்டு மூட முடியாது. ஒரு வாரம் பொறுத்து மாட்டிக்கலாங்க."

"மூட வேண்டாமே. திறந்தே கொண்டு வா. மார்க்கெட் வழியாகக் கொண்டு வா. ஊர் பார்க்கட்டும்" என்றார் அவர்.

ஊர் பார்த்தது.

அண்ணன் ஒரு பக்கம், ஆலையில் அவனோடு வேலை பார்க்கும் சின்னக்கண்ணு ஒரு பக்கம். ஈரத்தில் கை படக் கூடாதென்று பார்த்துப் பார்த்து மெதுவாக நடந்தார்கள். அதுவே சாவு நடை மாதிரி இருந்தது. கல்லறைத் திருநாள் கழிந்த சூடு வேறு, ஊரே செத்தவர்கள் ஞாபகத்தில் இருந்தது. வெற்றிலைக் கடைக்காரன் எழுந்து நின்றான். அப்புறம் வரிசையாக எல்லாரும் எழுந்தார்கள்.

"யாருப்பா?"

"பாத்தா தெரியல? சைகோன்காரரு."

"அடப் பாவமே. எப்போ?"

"பாவமா? யாருக்கு?"

அவ்வளவுதான். ஒரு ஜீவன் கண்ணைத் துடைக்கவில்லை. கொளஞ்சி கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்து படத்தை உற்றுப் பார்த்தாள். "போய்ட்டியா ராசா? இனிமே எம் மீனு பொத்தல் இல்லாம வூடு போய்ச் சேரும்" என்று கும்பிட்டாள். பூக்காரி ஒருத்தி மட்டும், செத்தவனோடு என்ன சண்டை என்று ஒரு சாமந்தி மாலையைப் பலகை மூலையில் மாட்டினாள். அண்ணனும் சின்னக்கண்ணுவும் "சாவலம்மா, உயிரோடதான் இருக்காரு" என்று கத்தினார்கள். துக்கத்தில் உளறுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு கூட்டம் அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தது. மாதா கோயில் பக்கம் திரும்பியபோது, மணியடிக்கிற கோயில்பிள்ளை படத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. நேரே மேலே ஏறித் துக்க மணியை அடித்தார்.

அங்கே வீட்டில் தனிஸ்லாஸ் வெள்ளைச் சூட்டில் நின்று வாழ்த்து வாங்கிக்கொண்டிருந்தார். நானும் வேளாங்கண்ணியும் ஆணி அடிக்கிற இடம் காட்ட முன்னாலேயே போயிருந்தோம். மணி கேட்டதும் எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள். "யாரோ போயிட்டான்" என்றார் தனிஸ்லாஸ். தொப்பியைக் கழற்றினார், சிலுவை போட்டுக்கொண்டார், செத்த ஆன்மாவுக்காகக் கண்ணை மூடினார். கண்ணைத் திறந்தபோது வாசலில் அவரே மாலையோடு நின்றுகொண்டிருந்தார். பின்னால் பாதி மார்க்கெட்.

மனுஷன் வெளியே வந்ததும் கூட்டம் இரண்டடி பின்னால் போனது. அப்புறம் பின்வரிசையில் ஒருத்தன் சத்தமாகவே சொன்னான், "அட, சாவலையா?" அந்தக் குரலில் எவ்வளவு ஏமாற்றம்! அது அவர் காதிலும் விழுந்தது. காது வரைக்கும் சிவந்துபோனார்.

விருந்தாளிகள் முன்னால் வேறு என்ன சொல்வார்? "யார் இது? இது நானே இல்லை. ஒரு சாயலும் இல்லை. இந்தப் பெண்ணுக்கு வரையவே தெரியாது!" என்று கத்தினார்.

கோட்டும் கழுத்துப்பட்டையும் போட்ட அத்தனை பேரும் உடனே தலையை ஆட்டினார்கள். சாயல் இல்லையாம். மூக்கு வேறேயாம். கையில் அவர் வீட்டுக் கிளாஸ், வாயில் அவர் வீட்டுக் கேக். சாயல் எப்படி இருக்கும்?

தனிஸ்லாஸ் சொன்னதே நிலைத்துவிட்டால் உயிரோடு இருக்கிற ஒருத்தரும் வேளாங்கண்ணி முன்னால் உட்காரப் போவதில்லை. அது அவளுக்குத் தெரியும். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர் எதிரே போய் நின்றாள். "இது நீங்க இல்லன்னா, மணி யாருக்கு அடிச்சுது முசே?"

கூட்டம் ஹோவென்று சிரித்தது. விருந்தாளிகளில்கூட ஒருத்தருக்குக் குடித்தது மூக்கில் ஏறியது.

தனிஸ்லாஸ் உள்ளே போய் அண்ணனைக் கூப்பிட்டு விட்டார். "உன் மனைவி வெளியே வந்து, 'சரியாக வரவில்லை, இது வேறு யாரோ மாதிரி ஆகிவிட்டது' என்று ஒரு வார்த்தை சொல்லட்டும். பேசின கூலியைக் கொடுத்துவிடுகிறேன். செத்தவர்கள் படத்துக்கு எல்லா வீட்டுக்கும் நானே சிபாரிசு சொல்கிறேன்."

அண்ணன் வந்து அவள் காதில் சொன்னான். "சொல்லிட்டுப் போயேம்மே. வெறும் வார்த்தைதானே."

"நீ தூங்கி வழிஞ்சப்பகூட நா ஒன்னைப் போல இல்லாம போட்டதில்ல. இதைப் போய் வேற ஆளுன்னு சொல்லவா? தூக்கு பலகையை" என்றாள்.

தூக்கிக்கொண்டு வந்தோம். வந்ததும் அவள் செய்த முதல் வேலை, எங்கள் வீட்டு வெளிச்சுவரில் மழை படாத இடம் பார்த்து ஆணி அடித்து, தெருவைப் பார்க்க அவரை மாட்டியதுதான். ஊர் வந்து பார்த்துச் சிரித்துவிட்டுப் போனது. வாங்க வந்தவர் யாரும் இல்லை. தனிஸ்லாஸ் வீடு வீடாகச் சொல்லிவைத்துவிட்டார். கிறிஸ்மஸ் போனது, தவக்காலம் வந்தது, சாவுப் படங்கூடக் கேட்டு ஒருத்தரும் வரவில்லை. எங்கள் சொந்தக்கார ஞானிகள், "அப்பவே சொன்னமே" என்று வந்தார்கள். எப்போது சொன்னார்கள்? கழுதை என்றுதான் சொன்னார்கள். கொட்டாங்கச்சியில் பெயிண்ட் தோல் கட்டியது. வேளாங்கண்ணி அதைக் குச்சியால் கிழித்து, எண்ணெய் விட்டுக் கலக்கி, மறுபடி மூடி வைப்பாள்.

சித்திரையில் ஒருநாள் மத்தியானம் கொளஞ்சி வந்து காலிக் கூடையை வாசலில் வைத்தாள். படத்தை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஏ படக்காரி, என்னைப் போடு."

"யாரு செத்துட்டாங்க?"

"ஒருத்தியும் சாவல. என்னைத்தான். உயிரோட."

வேளாங்கண்ணி நம்பவில்லை. "பயமா இல்லியா? நா போட்டா வருஷம் திரும்பாதுன்றாங்களே."

"த்தூ! அந்தாளைப் போட்டு எத்தினி மாசம் ஆச்சு? ஊரு சாபமெல்லாம் சேந்தும் ஒரு தும்மலு வந்துச்சா அவனுக்கு? கோயில்ல மணிகூட அடிச்சாச்சு! இன்னிக்குக் காலையிலகூட எருமையாட்டம் மார்க்கெட்டுக்கு வந்து நிக்கிறான். இவனுக்கே இந்த ஆயுசு குடுத்த பலகை, எனக்குக் குடுக்காதா? மார்க்கெட்டுல எல்லாப் பொம்பளையும் இதான் பேசுறாளுங்க. நா மொதல்ல வந்துட்டேன், அவ்ளோதான். எங்க உக்காரணும்?"

வேளாங்கண்ணி உள்ளே ஓடி ஈர்க்குச்சியும் பலகையும் எடுத்து வந்தாள். கொளஞ்சி வெயிலில் காலை நீட்டி உட்கார்ந்தாள், பேசினாள், பேசிக்கொண்டே இருந்தாள். "கொஞ்சம் வாயை மூடுக்கா" என்று கெஞ்சிப் பார்த்தாள் வேளாங்கண்ணி. நடக்கவில்லை. கடைசியில் வாய் திறந்தது திறந்தபடியே, வெற்றிலைக் காவிப் பல்லோடு போட்டாள்.