நூற்றிருபதைக் காணோம்

என் தங்கை ராக்கம்மா போராடிப் பெற்றவை இவை: பள்ளிக்கூடம் போகாமலே கண்டியில் ஒரு விருந்தினர் விடுதியில் வேலை; அங்கு வெளிநாட்டுப் பிளக்குகளுக்கான அடப்டர்கள் கிடக்கும் டின்னுக்குத் தனிப் பொறுப்பு; முதலாளி வீரசிங்கத்தார் நிற்க, அவர் கதிரையில் உட்காரும் உரிமை. மூன்றாவது கிடைத்த விதத்தைச் சொல்கிறேன். அதே விடுதியில் நான் சமையல் என்பதால் எல்லாம் கண்ணால் கண்டது.

ஹேவாஹெட்ட தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் தராசைப் பார்த்தே எண் படித்தவள் அவள். எழுத்து தெரியாது. சம்பளத்துக்குக் கைநாட்டு. வெள்ளைக்காரர் கொண்டுவரும் சாமானைத் திருப்பி அடியில் உள்ள எண்ணைப் பார்ப்பாள். 230 என்றோ 240 என்றோ இருந்தால்தான் அடப்டர் கொடுப்பாள். அடப்டருக்கு அவள் வைத்த பெயர் சப்பாத்து. பிளக்கின் காலுக்குப் போடுவதாம்.

1994 பெரஹரா வாரத்தில் அமெரிக்காவிலிருந்து மின்சார எஞ்சினியர் ஒருவர் வந்தார். தலை காயவைக்கும் மெசினுக்குச் சப்பாத்து கேட்டார். மெசினின் அடியில் 120.

"தர முடியாதுங்க முதலாளி. சப்பாத்து போட்டா கால்தான் மாறும், வயிறு மாறுமா? நம்ம கரண்டு இருநூத்தி முப்பது."

"அவர் எஞ்சினியர், பிள்ளை. நீ கொழுந்து கிள்ளினனி. குடு."

கொடுத்தாள். மெசின் அரை நிமிடம் வெகு வேகமாக வேலை செய்தது. பிறகு புகைந்தது. எஞ்சினியர் கட்டிலில் ஏறி நின்றார். பிளக்கைப் பிடுங்கியது ராக்கம்மா. இடது பெருவிரல் வெந்துபோனது.

மறுநாள் காலை, எஞ்சினியரின் இன்சூரன்சுக்கென்று ஆங்கிலத்தில் ஒரு கடிதம் தயாராக இருந்தது.

"அடப்டரை நீயாத்தான் போட்டனி எண்டு எழுதியிருக்கு," என்றார் வீரசிங்கத்தார். "கைநாட்டை வைச்சிட்டு டின்னைத் தா."

ராக்கம்மா கடிதத்தை மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தாள்.

"இதுல நூத்தி இருபதக் காணோமே முதலாளி. இருநூத்தி முப்பதும் இல்ல. ரெண்டையும் எழுதச் சொல்லுங்க, வைக்கிறேன்."

அவர் அதை ஆங்கிலத்தில் சொன்னார். எஞ்சினியர் மெசினைத் திருப்பி அடியைப் பார்த்தார். வாங்கியபின் முதல் தடவையாகப் பார்த்திருப்பார். நேர்மையான மனிதர். கடிதத்தைக் கிழித்துவிட்டு, இரண்டு எண்ணையும் போட்டு, இவள் மறுத்தாள் என்பதையும் சேர்த்துத் தன் கையால் எழுதினார். அதைக் காட்டினால் இன்சூரன்ஸ் கிடைக்காது என்று அவருக்கும் தெரியும். டின்னை யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

மைப்பெட்டி வந்தது. இடது விரலில் துணிக்கட்டு. கைநாட்டு இடது விரலாகவே இருக்கவேண்டும் என்பதில் முதலாளி வெகு கண்டிப்பு.

"அப்ப எழுதுறேன்," என்றாள்.

ஒரு தாளில் அவள் பெயரை எழுதிக் காட்டினேன். ஐந்து எழுத்து. நின்றபடி அவளுக்கு எழுத வரவில்லை. வீரசிங்கத்தார் எழுந்து தன் கதிரையைக் கொடுத்தார். முதல் புள்ளி விடுபட்டது. நான் சொன்னதும் வைத்தாள்.

1994 ஆகஸ்ட் 18, வியாழக்கிழமை.