தாய் முயலுக்குத் தனிக்கூண்டு

தேவிகுளத்துக்குப் பக்கத்தில் தேயிலை எஸ்டேட்டின் வரிசை வீடுகளான லயத்தில் அண்ணன் வீட்டோடு நான் இருந்தபோது, மதினியும் நானும் சேர்ந்து ஒரு முயல் வளர்த்தோம். அது ஏழு குட்டிகள் போட்டது. ஒரு மாதம் தாண்டியதும் குட்டிகள் முட்டைக்கோஸ் இலையைத் தாங்களே கொறிக்கத் தொடங்கின. ஆனால் பாலை மட்டும் விடவில்லை. தாய் எந்த மூலைக்குப் போனாலும் ஏழும் வயிற்றுக்கடியில் நுழைந்துவிடும். தடவினால் அதன் முதுகெலும்பு கையில் தட்டுப்பட்டது.

"ஏ புள்ள, இன்னும் விட்டோம்னா இதை உறிஞ்சியே கொன்னுரும்" என்றாள் மதினி.

அண்ணன் மிச்சம் கிடந்த வேலிக் கம்பிவலையில் ஒரு கூண்டு கட்டித் தந்தான். ஞாயிற்றுக்கிழமை காலை, குட்டிகளைத் தூக்கி அதில் விட்டோம். கதவைச் சாத்தித் திரும்புவதற்குள் வலைக் கண்ணில் ஒரு தலை தெரிந்தது. காது மடங்கியது, வயிறு நெளிந்தது, பொத்தென்று குட்டி வெளியே. அதன் பின்னாலேயே மற்ற ஆறும்!

பிறகு லயம் முழுக்க ஓட்டம்தான். மதினி கொழுந்துக் கூடையைக் கவிழ்த்துக்கொண்டு பாய்ந்தாள். குட்டி தப்பியது, மதினி சேற்றில் சப்பென்று உட்கார்ந்தாள். தூக்கிவிடப் போன நானும் வழுக்கி அவள் மடியிலேயே விழுந்தேன். எழ முடியவில்லை, அவ்வளவு சிரிப்பு. பக்கத்து வீட்டு அக்கா வாசலில் வந்து கத்தினாள்: "ஒங்க வீட்டு மாப்பிள்ளை எங்க அடுப்படியில கேரட்டு திங்காரு, வந்து கூட்டிட்டுப் போங்க!"

ஆறு கிடைத்தன. ஏழாவது, தாயின் கூண்டுக்குக் கீழே எக்கி நின்று மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது. தாயோ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"குட்டிக எதுக்கு வீடு மாறணும் மதினி? ஆத்தாளை மாத்துவோம். அது இந்த ஓட்டையில நுழையாதுல்ல?" என்றேன்.

அப்படியே செய்தோம். பழகிய கூண்டில் குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கொஞ்சநேரம் முழித்தன, பிறகு இலையைத் தின்ன ஆரம்பித்தன. தாய் ஏங்குமோ என்று பயந்தபடி எட்டிப் பார்த்தோம். நான்கு காலையும் நீட்டிப் படுத்திருந்தது. சட்டென்று எழுந்து, காற்றில் ஒரு துள்ளு துள்ளி, உடம்பை முறுக்கி இறங்கியது. இன்னொரு துள்ளு!

"அம்மா வீட்டுக்கு வந்தவ மாதிரில்ல ஆடுதா!" மதினி கைதட்டினாள்.

அண்ணன் வந்து, "மணி என்னாச்சு, சோறு ஆக்கலையா?" என்றான்.

சேறு காய்ந்த சேலையோடு மதினி சொன்னாள்: "இன்னைக்குப் பொம்பளைகளுக்கெல்லாம் லீவு."

அண்ணனே உலை வைத்தான். சோறு குழைந்துபோனது. அதையும் சிரித்துச் சிரித்தே தின்றோம்.