காட்டேரியின் மேல்வரிசைப் பல்

சுமார் ஆறு லட்சம் பேர். பதினான்கு ஆண்டுகளில் இந்த மனிதரைப் பார்த்து அலறியவர்களின் எண்ணிக்கை அது. பேய் வீட்டு வாசலில் கிழிபட்ட டிக்கெட்டுகளை வைத்துப் போட்ட கணக்கு. இவர் கடித்தவர்கள் என்று யாரும் இல்லை. இவரைக் கடித்தவர்கள் இரண்டு பேர். இருவரும் பயத்தில் கடித்துவிட்டு, வெளிச்சத்துக்கு வந்ததும் மன்னிப்புக் கேட்டார்கள்.

பொழுதுபோக்குப் பூங்காவில், ராட்டினத்துக்கும் கழிப்பறைக்கும் நடுவே இருக்கிறது பேய் வீடு. அதன் மூன்றாவது அறையில் இவர் ரத்தக் காட்டேரி. முன்பு வாசலில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார். அப்போதைய காட்டேரி கல்யாணம் செய்துகொண்டு மாமனாரின் பெயின்ட் கடைக்குப் போய்விட்டதால், அந்தக் கறுப்பு அங்கி யாருக்குப் பொருந்துகிறது என்று பார்த்தார்கள். இவருக்குப் பொருந்தியது. தேர்வு அவ்வளவுதான்.

பழைய காட்டேரி சவப்பெட்டியிலிருந்து துள்ளிக் குதிப்பார். இவருக்கு முழங்கால் வலி. அதனால் குதிப்பதை விட்டுவிட்டு, கதவுக்கு வெளியே நின்று தாழ்ந்த குரலில், "உள்ள வரலாமா?" என்று கேட்கத் தொடங்கினார். அழைக்காத வீட்டுக்குள் காட்டேரி நுழையாது என்பது கதைகளில் உள்ள விதி. படம் பார்க்கிற எல்லோருக்கும் அது தெரியும். கூட்டம் 'வராதே' என்று கத்தும். இவர் காத்திருந்து, மரியாதையாக மறுபடி கேட்பார். எந்தக் கூட்டத்திலும் யாராவது ஒருவர் மனசு கேட்காமல் "சரி, வாங்க" என்று சொல்லிவிடுவார். வெளியே போன பிறகும் மற்றவர்கள் அந்த ஒருவரைத் திட்டாமல் விடுவதில்லை.

விதிகள் தெரிந்தவர்களால் தொல்லையும் உண்டு. பூண்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வருவார்கள். ஒருவர் கடுகை அள்ளித் தரையில் இறைத்துவிட்டு, காட்டேரி அதை எண்ணி முடிக்காமல் நகராது என்று மனைவிக்கு விளக்கிக்கொண்டிருந்தார். இவர் எண்ணவில்லை. துடைப்பம் எடுத்து வந்து கூட்டினார்.

முதலில் பிளாஸ்டிக் கோரைப்பற்களைச் சொந்தப் பல்லில் மாட்டிக்கொண்டு சமாளித்தார். ஐம்பதை நெருங்கியபோது சொந்தப் பற்கள் ஒவ்வொன்றாக விடைபெற்றன. மாட்ட இடமில்லாமல் போயிற்று. பல் கட்டுகிறவர் மேல்வரிசைக்கு இரண்டு செட் செய்து கொடுத்தார். ஒன்று வீட்டுக்கு, இன்னொன்று கோரைப்பல்லோடு வேலைக்கு. இரண்டும் ஒரே அச்சு. வாய்க்குள் எது இருக்கிறது என்பது நாளடைவில் நாக்குக்கே தெரியாமல் போனது.

இவர் மகளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. அங்கே கண் சோதிக்கிற பையனை அவளுக்குப் பிடித்துவிட்டது. பையனுக்கு அவளை அதைவிடப் பிடித்துவிட்டது. பையனின் அம்மா சம்மதிக்க வேண்டியதுதான் பாக்கி. அவருக்கு ஆஸ்பத்திரி லேபில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிற வேலை. நரம்பைத் தடவாமலே கண்டுபிடிப்பவர், பொய்யை அதைவிடச் சீக்கிரம் கண்டுபிடிப்பவர் என்று பையன் எச்சரித்திருந்தான். அந்த எச்சரிக்கை வருவதற்குள், காட்டேரியின் மனைவி அந்த அம்மாவிடம் போனில் சொல்லி முடித்திருந்தார்: "அவர் பூங்காவுல சூப்பர்வைசரா இருக்காருங்க."

ஞாயிறு மதியம் பையன் வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. பூங்காவில் கூட்டம் தாங்கவில்லை. காட்சி முடிந்ததும் இவர் முகப்பவுடரைத் துடைத்து, தலை வாரி, வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு ஓடினார். காத்திருந்த மனைவியையும் மகளையும் பார்த்துச் சிரித்தார்.

"போச்சு" என்றாள் மகள்.

"ஏங்க, முதல்ல வாயை மூடுங்க" என்றார் மனைவி. "வீட்டுப் பல்லு எங்க?"

இவர் நாக்கால் தடவிப் பார்த்தார். "மேக்கப் மேசையில."

"அங்கியைக் கழட்டத் தெரிஞ்சுது, இதைக் கழட்டத் தெரியலையா?"

"இப்பக் கழட்டிடட்டுமா?"

"கழட்டினா கன்னம் ரெண்டும் உள்ள போயிடும்பா" என்றாள் மகள். "பார்க்க இன்னும் பயமா இருக்கும்."

"திரும்பிப் போக நேரமில்ல" என்றார் மனைவி. "தொண்டை கட்டிடுச்சுன்னு சொல்லிக்கறேன். நீங்க தலையை மட்டும் ஆட்டுங்க."

பையன் வீடு மூன்றாவது மாடியில். கதவைத் திறந்தால் கூடம். கூடத்தில் ஒரு சோபா, அதன் மூலையில் பையனின் அப்பா. ரயில் நிலையத்தில் அறிவிப்பு சொல்லி ஓய்வு பெற்றவர். வாழ்நாள் பேச்சையெல்லாம் அங்கேயே பேசித் தீர்த்துவிட்டவர் போல உட்கார்ந்திருந்தார். டீ வந்தது. இவர் உதட்டைக் குவித்து உறிஞ்சினார். கேள்வி வந்தபோதெல்லாம் தலையை ஆட்டினார்.

"உங்க வீட்டுக்காரர் வாயே திறக்க மாட்டேங்கறாரே" என்றார் பையனின் அம்மா.

"தொண்டை கட்டிடுச்சுங்க. ரெண்டு நாளா."

ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவரிடம் சொல்லக்கூடாத பொய் அது. அவர் எழுந்துபோய் அலமாரியிலிருந்து டார்ச் எடுத்து வந்தார்.

"ஆ சொல்லுங்க, பார்த்துடலாம்."

இவர் வேண்டாம் என்று தலையாட்டினார்.

"பயப்படாதீங்க. ஊசியெல்லாம் இல்ல. ஆ சொல்லுங்க."

அந்தக் குரலுக்கு ஊரில் பாதிப் பேர் சட்டைக் கையை மடக்கியிருக்கிறார்கள். இவர் வாயைத் திறந்தார். டார்ச் வெளிச்சம் உள்ளே போய் அப்படியே நின்றது.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"பதினாலு வருஷமாங்க" என்றார் இவர். பிறகு எல்லாவற்றையும் சொன்னார்.

பையனின் அம்மா டார்ச்சை அணைத்தார். "காட்டேரி வேஷம் போடறது தப்பே இல்ல. லேப்ல என் முதுகுக்குப் பின்னாடி என்னையே அப்படித்தான் சொல்றாங்க. ஆனா சூப்பர்வைசர்னு எதுக்குச் சொன்னீங்க?"

"பேய் வீட்டுல வேலைன்னா நீங்க போனை வெச்சிருப்பீங்க" என்றார் மனைவி.

"வெச்சிருக்க மாட்டேன். டிக்கெட் கேட்டிருப்பேன். இப்ப சொல்லுங்க, இதையே மறைச்சவங்க நாளைக்கு எதை மறைப்பீங்க? போயிட்டு வாங்க. யோசிச்சுச் சொல்றோம்."

அந்தக் கடைசி வாக்கியத்தின் அர்த்தம் கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். பையன் தன் கண்ணாடியைக் கழற்றி, சுத்தமாக இருந்ததையே துடைத்துக்கொண்டிருந்தான். மகள் குனிந்து செருப்பு மாட்டினாள். மாட்டி முடித்த பிறகும் நிமிரவில்லை. இவர் அதைப் பார்த்தார். வாசலைத் தாண்டி வெளியே போனவர் திரும்பி நின்றார்.

"உள்ள வரலாமா?" என்று கேட்டார், மூன்றாவது அறைக் குரலில்.

பையனின் அம்மாவுக்கு ஒரு கணம் உடம்பு சிலிர்த்தது. பின்னால் அவரே அதை ஒப்புக்கொண்டார். அப்போது சொன்னது, "வேண்டாம்."

இவர் காத்திருந்தார். "தப்பு எங்களோடதுதாங்க. இனிமே மறைக்க ஒண்ணுமில்ல, பல்லைக்கூடப் பார்த்துட்டீங்க. உள்ள வரலாமா?"

"வேண்டாம்னு சொன்னேனே." ஆனால் கதவைச் சாத்தவில்லை. இரண்டாவது 'வேண்டாம்' முதலாவதைவிடத் தணிந்துதான் வரும் என்பது இவருக்கு வேலையில் கிடைத்த பாடம். அசையாமல் நின்றார்.

"உள்ள வாங்க."

கணீரென்று, எந்தத் தண்டவாளத்துக்கும் கேட்கும்படி வந்தது குரல். எல்லோரும் சோபா மூலையைப் பார்த்தார்கள்.

"வருஷக்கணக்கா வாயைத் திறக்காம இருந்தது இதுக்குத்தானா?" என்றார் பையனின் அம்மா.

"மனுஷன் எவ்வளவு நேரம் வெளியவே நிப்பாரு" என்றார் கணவர்.

பையனின் அம்மா கணவரைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், செருப்போடு குனிந்தபடியே இருந்த பெண்ணைப் பார்த்தார். "சரி, வாங்க. ஆனா இனிமே போன்ல எதுவா இருந்தாலும் உள்ளது உள்ளபடி சொல்லணும். செருப்பைக் கழட்டும்மா. டீ ஆறியிருக்கும், வேற போடறேன்."

கல்யாணம் அடுத்த மாதம் பதினோராம் தேதி. இந்த முறை மறந்துவிடாதபடி, அன்று வீட்டுப் பல் மனைவியின் கைப்பையில் இருக்கும். அதற்கு முந்தைய சனிக்கிழமை, பையனின் அம்மா லேபிலிருந்து பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு பேய் வீட்டுக்கு வருகிறார். டிக்கெட் எடுத்தாகிவிட்டது.