கூடை இல்லாத கடை

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று என் கணவர் பேசிய மொத்தப் பேச்சு, "தண்ணி கொஞ்சம் தாங்க" என்பதுதான். யட்டவத்தையில் எங்கள் வீட்டு முன் அறையில் அவருடைய அண்ணன் பேசினார், அண்ணி பேசினார், தரகர் எல்லோருக்கும் சேர்த்துப் பேசினார். இவர் மட்டும் இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, அடையாள அட்டைக்குப் போட்டோ எடுக்க வந்தவர்போல உட்கார்ந்திருந்தார். அவர்கள் போனதும் அம்மாவிடம், "இவரக் கட்டிக்கிட்டா நான் செவுத்தோடதான் பேசணும்" என்றேன்.

அவருக்கு அலுவிகாரையில் கொம்பியூட்டர் ரிப்பெயர் கடை. சில நாள் கழித்து என் லெப்டொப் படுத்துவிட்டது. மாத்தளையில் வேறு கடைகள் இல்லாமல் இல்லை. ஆனாலும் ஆள் நிஜமாகவே ஊமையா என்று பார்த்துவிடலாமே என்று அவர் கடைக்கே போனேன். அவர் தலையை ஆட்டினார், லெப்டொப்பை வாங்கிக் கவிழ்த்துப் போட்டார், திருகாணியைக் கழற்ற ஆரம்பித்தார். ஸ்க்ரூடிரைவர் கைக்கு வந்ததும் வாய் திறந்துகொண்டது. தூசு எப்படி அடைக்கிறது, மழைக்காலத்தில் கரண்ட் எப்படி ஏறி இறங்குகிறது, ரோட்டில் போகிற லொறிகளால் மேசை எப்படி ஆடுகிறது என்று ஒரு மணி நேரம் விடாமல் பேசினார். கை வேலை செய்தால்தான் இந்த மனுஷனுக்கு வாய் வேலை செய்யும் என்று அன்றைக்கே எனக்குப் புரிந்துவிட்டது.

லெப்டொப் உயிர் வந்து திரை எரிந்ததும் அவர் முகம் மாறியது.

"இத யாருங்க போட்டது?"

"நான்தான்."

"இதயா?"

அவர் காட்டியது ஒரு லாஞ்சரை. விளையாடாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இப்போது கொம்பியூட்டர் கேமை சீடித் தட்டாக வாங்கி வீட்டுக்குக் கொண்டுவருவது அபூர்வம். ஒவ்வொரு கம்பனியும் ஒரு கடையைத் திறந்து, அந்தக் கடையையே நம் கொம்பியூட்டருக்குள் கொண்டுவந்து வைத்துவிடுகிறது. அதற்குத்தான் லாஞ்சர் என்று பேர். அங்கே வாங்கிய கேம் அங்கேயே இருக்கும். கடையைத் திறந்தால்தான் கேம் திறக்கும். முதலில் பெரிதாக வந்த கடை ஒன்று, விளையாடுகிறவர்கள் பலருக்கும் அதுதான் தாய்வீடு. பிறகு போட்டிக்கு வேறு கடைகள் வந்தன. அதில் ஒன்று ஆள் சேர்ப்பதற்காக வாரா வாரம் ஒரு கேமைச் சும்மா கொடுத்தது. இவர் பழைய கடையின் பரம பக்தர். நான் சும்மா கொடுத்த கடையின் ஆள்.

"ஏங்க, ஒரு கட இருக்கிறப்ப இன்னொன்னு எதுக்கு? இன்னொரு பாஸ்வேர்ட், இன்னொரு அப்டேட். கூட்டாளிமார் பாதிப்பேரு இங்க, பாதிப்பேரு அங்க. சாமான் வாங்க ஒரு கூடையாச்சும் வைக்காம தொறந்த கடைங்க இது. மூணு கேம் வேணும்னா மூணு தடவ காசு கட்டப் போகணும். இதெல்லாம் ஒரு கடையா?"

"ஒங்க கடைக்குள்ள போறதுக்கு வெளிநாட்டுல செல்லுற கார்டு வேணும். நர்ஸ் ட்ரெய்னிங்ல இருந்தப்ப எங்கிட்ட இருந்தது பஸ் சீசன் டிக்கெட் மட்டுந்தான்."

அதோடு நான் விடவில்லை. எங்கள் அப்பா தோட்டத்து லயத்து வீட்டை விட்டு வந்து யட்டவத்தையில் கொஞ்சம் மிளகுக்கொடி போட்டவர். ஊரில் மிளகு வாங்க ஒரே முதலாளி இருந்த காலத்தில் அவர் சொன்னதுதான் விலை. எதிர்ப்பக்கம் இன்னொருவர் தராசு வைத்த பிறகுதான் முதலாளி அப்பாவுக்கு நாற்காலி போட்டார். "ஒரே கடதான் இருக்கணும்னு சொல்றவங்க மிளகு வித்துப் பார்க்கணும்" என்றேன். அவர் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். வைத்ததும் பேச்சு நின்றுவிட்டது. வெட்கத்தோடு சிரித்தார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சரி என்று சொன்னேன்.

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பார்களே, அந்த ஜாதி இவர். கல்யாணத்துக்குப் பிறகும் என் கடைக்கு அவர் கொம்பியூட்டரில் இடமில்லை. அவருக்குத் தொழிலில் ஒரு வேதவாக்கு உண்டு. "தானாத் தொறக்கிற எதையும் நம்பாத." கொம்பியூட்டரைப் போட்டதும் யாரும் கேட்காமலே எழுந்து ஓடுகிற புரோகிராம்கள்தான் மெஷினைச் சாகடிக்கின்றன என்பார். ரிப்பெயருக்கு வருகிற எல்லா மெஷினிலும் முதல் வேலையாக அவற்றையெல்லாம் நிறுத்துவார். எனக்கும் அதைச் சொல்லிக்கொடுத்திருந்தார். அவருடைய செல்லக் கடையைக்கூடக் கூப்பிட்டால்தான் வரும்படி வைத்திருந்தார். அந்த நியாயத்தை மட்டும் நான் ஒப்புக்கொள்வேன்.

வீட்டில் இரண்டு மேசைகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருந்தோம். இரண்டு பேரும் ஒரே கேமைத்தான் விளையாடினோம். மரம் வெட்டி, வீடு கட்டி, மாடு வளர்க்கிற கேம். அவர் அதைப் பழைய கடையில் வாங்கி, பல வருஷமாகக் கட்டிய கோட்டை ஒன்று வைத்திருந்தார். நான் என் கடையில் சும்மா கிடைத்ததில் இரண்டு மாட்டோடு இருந்தேன். ஒரு கடையில் வாங்கியவர் இன்னொரு கடையில் வாங்கியவரோடு அந்த கேமில் சேர முடியாது. பரவாயில்லை, தோளோடு தோள் உரச உட்கார்ந்திருந்தோம். அவர் கை மவுஸில், வாய் என் காதில். அந்த மாதங்களை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு நிறைகிறது.

அப்புறம் எனக்குப் பல்லேகமப் பக்கம் ஆஸ்பத்திரியில் நியமனம் வந்தது. ரத்தோட்டை வழியாக மலை ஏறி இறங்கி, பஸ்ஸில் பாதி நாள் போய்விடும். நினைத்தபோது வந்துபோகிற இடமில்லை. அங்கே எல்லாரும் நல்ல மனிதர்கள். வயலில் இருந்து நேரே வருகிற அம்மாமார் எனக்கென்று வெள்ளரிக்காய் கொண்டுவருவார்கள். ஆனால் விடிந்ததிலிருந்து சிங்களம்தான் பேச்சு. எனக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு, அதில் குறையில்லை. சாயந்தரம் ஆனதும் சொந்த பாஷையில் நாலு வார்த்தை பேச மனம் ஏங்கும். அவருக்குப் போன் போடுவேன்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். நீங்க?"

"ம்."

"கடையில வேல கூடவா?"

"ம்."

அவ்வளவுதான். போனைப் பிடித்த கைக்கு வேறு வேலை இல்லையே. குவார்ட்டர்ஸில் என்னோடு இருந்த சிங்கள அக்கா, ஒரு நாள் மெதுவாக, "நங்கி, உங்களுக்குள்ளே சண்டையா?" என்று தங்கச்சி முறை வைத்துக் கேட்டார். சண்டையாக இருந்தால்கூட நாலு வார்த்தை கிடைத்திருக்குமே என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வருஷம்கூட ஆகாத கல்யாணம். இப்படியே போனால் இரண்டு பேரும் நலம் விசாரித்துக்கொள்கிற சொந்தக்காரர்களாகிவிடுவோம் என்று பயம் பிடித்தது. வேலையை விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாமா என்றுகூட யோசித்தேன். நர்ஸ் வேலை நான் அழுது அடம்பிடித்துப் படித்து வாங்கியது. அதை விடலாமா என்று நினைத்ததிலிருந்தே என் நிலைமை தெரியும்.

"நாம ரெண்டு பேரும் ஒண்ணா வெளயாடினா என்ன?" என்று ஒரு நாள் கேட்டேன். ஹெட்செட்டைப் போட்டுக்கொண்டு விளையாடினால் அவர் கை வேலை செய்யும், வாய் திறக்கும். அதுதான் என் கணக்கு. அதை அவரிடம் சொல்லவில்லை.

"செய்யலாம். நீ என் கடைக்கு வா" என்றார்.

"நீங்க என் கடைக்கு வாங்க."

"அந்தக் கடைக்கா? கூடை இல்லாத கடைக்கா?"

"இப்ப கூடை வச்சிட்டாங்க."

"வச்சாலும் வர மாட்டேன்."

எனக்குக் கோபம். சும்மா கிடைத்து, கையில் இருக்கிற கேமை இவருடைய வீம்புக்காக இன்னொரு தடவை எதற்கு வாங்க வேண்டும்? ஆனால் ஏக்கம் கோபத்தைவிடப் பெரிதாக இருந்தது. சரி என்றேன். அவரே எனக்காகப் பழைய கடையில் அந்த கேமை வாங்கினார். வாங்கினால் போதுமா? பல்லேகமச் சிக்னல் விளையாடப் போதும், அதில் முழு கேமையும் இன்டர்நெட்டிலிருந்து இறக்கப் போனால் அதற்குள் நான் பென்சனே வாங்கிவிடுவேன். எங்கள் பக்கத்தில் அதற்கு வழி இருக்கிறது. டவுன் பக்கம் நல்ல லைன் உள்ளவர் இறக்குவார், மற்றவர்களுக்கு ஹார்ட் டிஸ்க்கில் பஸ் ஏறிப் போகும். அவரும் கேமை ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி, துவாயில் சுற்றி, சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு, ரிப்பெயர் கடையை மூடிவிட்டு வந்தார்.

குவார்ட்டர்ஸ் முன் அறையில் லெப்டொப்பை வைத்து கேமை ஏற்றினார். ஏறிவிட்டது. திறக்கப் போனால், பழைய கடை குறுக்கே வந்து நின்றது. நேற்று ஒரு அப்டேட் வந்திருக்கிறதாம். அதை இறக்கினால்தான் உள்ளே விடுமாம். நீலக் கோடு ஒன்று ஊர்ந்தது, நின்றது, மறுபடி ஊர்ந்தது. கொண்டுவந்த சோறு ஆறிப்போனது. சிக்னலுக்காக ரவுட்டரை ஜன்னலில் வைத்தார், அலுமாரி மேல் வைத்தார், கடைசியில் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி நின்றார். பார்க்கச் சிரிப்பாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது. கடைசி பஸ்ஸுக்கு நேரமானபோது கோடு பாதியைக்கூடத் தொடவில்லை.

"ஒங்க தாய்வீடு வாசலத் தொறக்கல பாத்தீங்களா" என்றேன். கிண்டலாகத்தான் ஆரம்பித்தேன், முடிப்பதற்குள் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவர் ஹார்ட் டிஸ்க்கைத் துவாயில் சுற்றினார். பஸ் ஏறும்போது திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை, தோற்றுப்போனவருடைய பார்வை.

மறுநாள் சாயந்தரம் டியூட்டி முடிந்து, அந்த வாரத்து இலவச கேமை எடுத்து வைப்போமே என்று என் கடையைத் திறந்தேன். யாரோ என்னைச் சிநேகிதம் பிடிக்கக் கேட்டிருந்தார்கள். தெரியாத பெயர். இந்த மாதிரி ஆட்களை நான் தள்ளிவிடுவதுதான் வழக்கம். அதற்குள் போன் வந்தது.

"ஏத்துக்க."

"என்னத்த?"

"அதான், ஒன் கடையில நிக்கிறேன்ல."

  ஏற்றுக்கொண்டு ஹெட்செட்டை மாட்டினேன். என் இரண்டு மாடும் நிற்கிற வேலிக்கு வெளியே, கையில் ஒன்றுமில்லாமல், சட்டை கூடச் சரியில்லாத ஒரு ஆள் வந்து நின்றான். பல வருஷம் கட்டிய கோட்டையைப் பழைய கடையிலேயே விட்டுவிட்டு, அதே கேமை என் கடையில் மறுபடி காசு கொடுத்து வாங்கி, என்னிடம் கோடரி கேட்டு நின்றார் என் கணவர். கொடுத்தேன். மரத்தை வெட்ட ஆரம்பித்தார்.

"கேவலமான கடை" என்றார். இரண்டு வெட்டு. "எழுத்தெல்லாம் கோணலா இருக்கு." இன்னும் இரண்டு வெட்டு. "பக்கத்துக் கடைக்காரர் ரூம இடிச்சுக் கட்டுறாரு, ஒரே தூசு." மரம் சாய்ந்தது. அடுத்த மரத்துக்குப் போனார். "நீ போனதுலருந்து நான் வீட்டுல சாப்பிடல. அந்த மேசையில தனியா ஒக்கார முடியல."

என் மாடுகள் எங்கேயோ போய்க்கொண்டிருந்தன. நான் திரையைப் பார்க்கவில்லை. "ம்" என்று மட்டும் சொன்னேன்.

அன்றிலிருந்து என் டியூட்டி எப்போது முடிந்தாலும், கடையைத் திறந்த சற்று நேரத்தில் வந்துவிடுவார். ஒவ்வொரு நாளும் முதலில் கடையைத் திட்டுவார், பிறகு ஊர்க்கதை, பிறகு தன் கதை. இரண்டு பேரும் ஒரு வீடு கட்டினோம். வேலையை விடுகிற யோசனை எப்போது என்னை விட்டுப் போனதென்று எனக்கே தெரியாது. போட்டிக் கடைகளை இன்டர்நெட்டில் எத்தனையோ பேர் திட்டுகிறார்கள். அவர்கள் சொல்வதில் பாதி உண்மை, அதை என் வீட்டு ஆளே எனக்குத் தினமும் ஓதுகிறார். ஆனாலும் கார்டு இல்லாத ஒருத்திக்குச் சும்மா கதவைத் திறந்த அந்தக் கடைக்கு நான் நன்றி கெட்டவளாக இருக்க மாட்டேன்.

போன மாதம் லீவில் அலுவிகாரைக்குப் போயிருந்தேன். காலைச் சாப்பாட்டுக்கு அவர் பேக்கரியில் பாண் வாங்கப் போயிருந்தார். டியூட்டி லிஸ்ட் வந்திருக்கிறதா என்று பார்க்க அவருடைய கொம்பியூட்டரைப் போட்டேன். திரை வந்ததும் வராததுமாக, நான் எதையும் தொடாமலே, மூலையில் ஒரு கடை தானாகத் திறந்துகொண்டது. பழைய கடை அல்ல, என் கடை.

ஏதோ தவறிப்போய் நடந்திருக்கிறது, ஆள் பார்த்தால் குதிப்பாரே என்று அதை நிறுத்தப் போனேன். நிறுத்துவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தவரே அவர்தானே. பின்னால் சத்தம் கேட்டது.

"அத நிப்பாட்டாத."

வாசலில் பாண் பையோடு நின்றார்.

"தானாத் தொறக்கிற எதையும் நம்பாதன்னு சொன்னது யாரு?" என்று கேட்டேன்.

உள்ளே வந்து பையை மேசையில் வைத்தார். இனிப் பேச மாட்டார் என்று நான் திரும்பப் போனேன்.

"ஒனக்கு டியூட்டி எப்ப முடியும்னு எனக்குத் தெரியாதே" என்றார். "நீ வந்தா அது சத்தம் போடும். நான் எங்க வேலையா இருந்தாலும் கேக்கும்."

பாண் மேசையில் இருந்தது. அவர் கையில் ஒன்றும் இல்லை.