முடிவை அவளிடமே விட்டார்

பேசத் தொடங்கும் முன் பெரியப்பா தோளில் கிடக்கும் துண்டை எடுத்து, நான்காக மடித்து மடியில் வைத்துக்கொள்வார். உடனே கூடம் அடங்கிவிடும். தொண்டாமுத்தூரைச் சுற்றி எங்கள் உறவில் கல்யாணம் என்றால் வாழ்த்திப் பேச அவர்தான்; பங்காளிச் சண்டை என்றால் பேசித் தீர்க்கவும் அவர்தான். குரலை உயர்த்தவே மாட்டார். கேட்பவர்களை அழவேண்டிய இடத்துக்குக் கைப்பிடித்துக் கூட்டிப்போய் விட்டுவிட்டு, தான் மட்டும் அழாமல் இருப்பார். எனக்கு அதில் அத்தனை பெருமை. காலேஜில் தோழிகளுக்கு அவரைப் போலப் பேசிக்காட்டுவேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள், பீளமேட்டில் வாழ்க்கைப்பட்டிருந்த அக்கா ஒற்றைப் பையோடு பஸ் ஏறி வந்துவிட்டாள். கல்யாணமாகி இரண்டு வருடம். அவள் வீட்டுக்காரருக்கு அங்கே லேத் பட்டறை. எதற்கு வந்தாள் என்று அப்பா அம்மாவிடம் அவளால் சொல்ல முடியவில்லை. என்னைக் குளியலறைக்குக் கூட்டிப்போய் முதுகைக் காட்டினாள். இஸ்திரிப் பெட்டியின் முனை அப்படியே பதிந்திருந்தது. "நாளைக்கு எல்லாரும் வந்து கேக்கறப்ப நீ சொல்லிரு. என்ற வாயில வரமாட்டேங்குது" என்றாள். சொல்கிறேன் என்று அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

புருஷன் வீட்டை விட்டு வந்த பெண்ணைத் திரும்பிப் போ என்று எங்கள் பக்கம் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அது மரியாதைக் குறைவு. அதற்குப் பதிலாகப் பேசத் தெரிந்தவரைக் கூப்பிடுவார்கள். மறுநாள் காலை உறவு கூடியதும் பெரியப்பா பேசினார். அக்கா பிறந்த அன்று பெய்த மழையை, அப்பா நனைந்துகொண்டே சைக்கிளில் வந்து சேதி சொன்னதைச் சொன்னார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அவர் அக்காவைப் பார்த்தபடியே என் பக்கம் கையைக் காட்டினார்.

"அம்மணி, இது உன்ற ஊடு. உன்னையப் போகச் சொல்ல இங்க ஆருக்கும் மனசு வராது. உனக்கு அடுத்து ஒருத்தி நிக்கறா பாரு. நாளைக்கு அவளைப் பாக்க வர்றவங்க மொதல்ல உன்னையப் பத்தித்தான் கேப்பாங்க. அதையும் ரோசிச்சு நீயே சொல்லு கண்ணு. உன்ற முடிவுதான் எங்க முடிவு."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அழுதுகொண்டிருந்தேன். அவள் முதுகுக்காக அல்ல, அந்த மழைக்காக. அதை நினைத்தால் இன்றும் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. நான் சொல்வேன் என்று காத்திருந்து பார்த்துவிட்டு அவள், "போறனுங்க பெரியப்பா" என்றாள். மதியமே அப்பா பஸ் ஏற்றிவிட்டார்.

பெரியப்பா சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. மழை உண்மை. சைக்கிளும் உண்மை. எந்த உண்மையை எதற்குப் பின் வைத்தால் ஒரு பெண் எழுந்து போய்விடுவாள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எதற்காக வந்தாய் என்று மட்டும் அவர் கேட்கவில்லை.

அவள் திரும்பிப்போன ஐந்தாம் மாதம், ஸ்டவ் வெடித்து அக்கா இறந்துவிட்டதாகச் சொல்லி அனுப்பினார்கள். கல்யாணமாகிச் சில வருடங்களே ஆகியிருந்ததால் ஆர்.டி.ஓ. விசாரணை வந்தது. சாவில் சந்தேகம் இருப்பதாகச் சொல்லப்போகிறேன் என்று அப்பா சட்டையை மாட்டினார். பெரியப்பா அவரை உட்காரவைத்து, செத்தவளின் பெயர் ஆபீஸ் ஆபீஸாக நாறவேண்டுமா என்று மெதுவாகப் பேசத் தொடங்கினார். நான் குறுக்கே போய் நின்றேன்.

"அக்கா முதுகுல சூடு வெச்சிருந்தாங்க. நான் பாத்தனுங்க."

அப்பா நிமிர்ந்து பார்த்தார். பெரியப்பா என் தலையைத் தடவினார். "பாசத்துல கொழந்தைக்குப் புத்தி கலங்கிக் கெடக்குது. உள்ள கூட்டிட்டுப் போயி மோரு குடுங்க" என்றார். அம்மா என்னைக் கூட்டிப்போனாள். சந்தேகம் இல்லை என்று அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்.

அம்மாவுக்கு இப்போது எண்பது வயது. அக்காவின் பேச்சு வந்தால், "நாம ஆரும் போகச் சொல்லலியே, அவளேதான போறேன்னா" என்கிறாள். அதை நம்பித்தான் இத்தனை வருடம் அவளால் சாப்பிட்டுத் தூங்க முடிந்திருக்கிறது. எனக்கு அந்த வசதி இல்லை.