முதல் வசனத்தில் சொல்ல வேண்டியது

ஆமிக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடிவந்தவள், ஓடிவந்த இடத்தில் ஆமியிடமே வேலை எடுத்தேன். என் கணவர் வருடக்கணக்காகப் பகிடி பண்ண இது ஒன்றே போதுமாக இருந்தது. "எங்கட வீட்டுக்காரி ஆமிக்காரற்ற கோயிலில ஐயரம்மா" என்று ஒஸ்லோப் புறநகரான புருசெத்தில் எங்கள் அடுக்குமாடி லிஃப்டில் ஏறுகிற தமிழாட்கள் எல்லோருக்கும் சொல்லித் திரிந்தார். ஐயரம்மாவுமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை. ஒஸ்லோக் கோட்டைக்குள் இருந்த இராணுவப் போதகர்களின் அலுவலகத்தில் நான் எழுதுவினைஞர். டிக்கெட் போடுவேன், கூட்ட அறை ஒழுங்கு பண்ணுவேன், கோப்பி தீர்ந்தால் கத்துவேன். திருநீற்றோடு லூத்தரன் கிறிஸ்தவப் போதகர்களிடம் வேலைக்குப் போகிறவளை அங்கே ஒருவரும் ஒரு சொல் கேட்டதில்லை.

என் மேலதிகாரி மூத்த போதகர். இளம் வயதில் வடக்கே, குளிர்காலம் முழுக்க வெயிலே எட்டிப் பார்க்காத முகாம்களில், கட்டாய சேவைக்கு வந்த பொடியன்களுக்குப் பிரசங்கம் செய்தவர். பிறகு லெபனான், பொஸ்னியா, கொசோவோ. நான் வேலைக்குச் சேர்ந்தபோது மேசை வேலைக்கு வந்திருந்தார். அது ஆப்கானிஸ்தானுக்குப் படை அனுப்பிக்கொண்டிருந்த காலம். அவர் என்னோடு பேசியதெல்லாம் நொஸ்க், நோர்வே மொழிதான். ஆனால் எனக்கு இப்போது நினைவில் கேட்பது எங்கள் பேச்சில், அதனால் அப்படியே எழுதுகிறேன்.

ஒரு படையாள் இறந்தால் நோர்வேயில் குடும்பத்துக்குத் தொலைபேசியில் சொல்வதில்லை. ஒரு அதிகாரியும் ஒரு போதகரும் வீட்டு வாசலுக்கு நேரே போவார்கள். இதை முதலில் கேட்டபோது எனக்கு வயிறு எரிந்தது. எங்கள் ஊரில் எத்தனை தாய்மார் வாசலைப் பார்த்தபடி இருக்கிறார்கள், யார் வந்து என்ன சொன்னான்? எங்கள் போதகர் அப்படிப் பல வாசல்களில் நின்றவர். போர் என்றில்லை, பயிற்சியில் கவிழ்ந்த வண்டி, தன்னைத்தானே சுட்டுக்கொண்ட பொடியன், எல்லாவற்றுக்கும் அவர்தான் போவார்.

அதனாலேயே சும்மா ஒரு வீட்டுக்குச் சீருடையோடு போகமாட்டார். பின்னேரம் வீட்டுக்குப் புறப்படும்போது அலுவலகத்திலேயே கழற்றிவிட்டு ஒரு பச்சை ஜம்பரைப் போட்டுக்கொள்வார். அது அவர் மனைவியின் கட்டளை. நீச்சல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற அந்த மனுசிக்குக் குளத்தின் அடுத்த கரைக்குக் கேட்கிற குரல். "இவர் உந்த உடுப்போட காரால இறங்கினா, முன்வீட்டு மனுசி நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறா" என்பார். கறுவாப் பணிஸ் கொண்டு அலுவலகத்துக்கு வந்தால் என் மேசையில்தான் முதலில் வைப்பார். "இந்த மனுசனை எனக்கு எப்ப திருப்பித் தருவியள்?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். ஓய்வுக்குப் பிறகு மலையிலிருக்கும் தங்கள் மரவீட்டில் போய் இருப்பதென்று இருவரும் திட்டம் போட்டிருந்தார்கள். நானும் "இன்னும் கொஞ்ச நாள், பொறுங்கோ" என்று சிரித்துச் சமாளிப்பேன்.

வருடத்துக்கொருமுறை புதுப் போதகர்களுக்குப் பயிற்சி நடக்கும். அதில் தாயாக நடிக்க ஒரு ஆள் தேவை. வேறு யார், நான்தான். கூட்ட அறைக்குள் நான் இருப்பேன். அவர்கள் வெளியே நின்று தட்டுவார்கள். கதவைத் திறந்தால் என் பிள்ளை செத்துப்போனதாகச் சொல்வார்கள். வீட்டில் என் பிள்ளைகள் இரண்டும் குத்துக்கல்லு மாதிரி இருக்க, எத்தனை பேர் எனக்குச் சாச்செய்தி சொல்லியிருக்கிறார்கள்! முதல் வருடம் வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு நாவூறு கழித்த பிறகுதான் சாப்பிட்டேன்.

ஒரு முறை, முகத்தில் பால் வடிகிற ஒரு போதகர் வாசலில் நின்று, "உங்கட மகன் சரியான துணிச்சல்காரன்" என்று தொடங்கினார். அடுத்தது வானிலை, பாதை, வண்டி. எங்கள் மூத்த போதகர் பாய்ந்து வந்தார்.

"நிப்பாட்டும். இவ இன்னும் மகன் உயிரோட இருக்கிறான் எண்டு நினைச்சுக்கொண்டு நிக்கிறா. எவ்வளவு நேரம் அப்பிடி நிக்க விடப்போறீர்? முதல் வசனத்தில பேர் வரவேணும், 'இறந்திட்டார்' எண்ட சொல் வரவேணும். காயம், சுகமில்லை எண்டு இழுக்கிறது பொய் நம்பிக்கை. அதைவிடக் கொடுமை இல்லை."

எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. எங்கள் ஆட்களைப் போலச் சாவை மூடி மறைக்கிறவர்கள் உலகத்திலேயே இல்லை. அன்று கோப்பி குடிக்கும்போது அப்பாவின் கதையை அவருக்குச் சொன்னேன்.

சண்டை ஓய்ந்து யாழ்ப்பாணப் பாதை திறந்திருந்த காலம். அங்கேயிருந்து அண்ணா தொலைபேசியில், "அப்பாவுக்குக் கொஞ்சம் கடுமை, வெளிக்கிட்டு வா" என்றார். அவ்வளவுதான். நோய் கடுமை என்றதும் நான் எழும்பி ஓடினேன். விமான நிலையத்துக்குப் போகிற வழியில் மருந்துக்கடையில் பிரஷர் பார்க்கிற மெஷின் ஒன்றும் வாங்கினேன். கொழும்பில் இறங்கி வாடகை வானில் ஏறி, சோதனைச் சாவடி சாவடியாக இறங்கி ஏறி, எங்கள் ஒழுங்கை முடக்கில் திரும்பும்போது பறைச்சத்தம் கேட்டது. அண்ணா எனக்குச் சொன்னபோதே அப்பா மோசம் போய்விட்டாராம். மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு செத்தவீட்டிலேயே அண்ணாவோடு சண்டை பிடித்தேன். "சொல்லியிருந்தா நீ தனிய இவ்வளவு தூரம் வந்திருப்பியே?" என்று அவர் கேட்டார். பிறகு கனகாலம் அவரோடு நான் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

போதகர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "கொடுமை" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "செய்தியைச் சொன்ன உடன கனபேர் எனக்கு நன்றி சொல்லுவினம். ஏன் சொல்லுகினம் எண்டு இவ்வளவு காலத்திலும் எனக்கு விளங்கேல்லை" என்றார்.

அவர் ஓய்வு பெற இருந்த வருடம், ஒரு பெப்ரவரிப் பிற்பகல். துணைப் போதகர் ஆப்கானிஸ்தானில், மற்றவர்கள் வடக்கே முகாமில். அலுவலகத்தில் அவரும் நானும் மட்டும். என் மேசைத் தொலைபேசி அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அவருடைய மகள். தாய் நீச்சலுக்குப் போன இடத்தில், உடுப்பு மாற்றுகிற அறையிலேயே இதயம் நின்றுவிட்டதாம். "அம்மா செத்திட்டா" என்று அந்தப் பிள்ளை முதல் வசனத்திலேயே சொன்னாள். தகப்பன் வளர்த்த பிள்ளை. "அப்பாவுக்கு இதை நான் போனில சொல்ல ஏலாது. நீங்கள் நேர சொல்லுவீங்களோ? நான் இஞ்சை தனிய நிக்கிறன்."

இவ்வளவு காலமும் கதவுக்கு உள்ளே நின்றவள், அன்று வெளியே நின்றேன். முருகா என்றுவிட்டுத் தட்டினேன். அவர் மேசையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். பச்சை ஜம்பர் கதிரை முதுகில் தொங்கியது. கதவைச் சாத்தினேன். அவர் மனைவியின் பெயரைச் சொன்னேன். இன்று இறந்துவிட்டார் என்றேன். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை.

அவர் பேனாவை மூடினார். "டக்" என்றார். நன்றி.

பிறகு கேட்க வேண்டியதையெல்லாம் ஒழுங்காகக் கேட்டார். எங்கே, எப்படி, பக்கத்தில் யார். மகள் தனியே நிற்கிறாள் என்றதும், "அப்ப உடன போகவேணும்" என்றார். ஆனால் எழும்பவில்லை. டாக்சிக்குச் சொன்னேன். மேலங்கியை எடுத்து வந்து விரித்துப் பிடித்தேன். அதைப் பார்த்தபடி இருந்தார். மகள் திரும்ப அழைத்தாள், "வெளிக்கிட்டிட்டாரோ?" இன்னும் இல்லை என்றேன். அவள் அழுகிற சத்தம் கேட்டது. கீழே வந்த டாக்சிக்காரன் ஹோர்ன் அடித்தான். கையைப் பிடித்து இழுத்துக்கூடப் பார்த்தேன். மனுசன் அசையவில்லை. எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தது.

"பிள்ளை அங்கை தனிய நிக்குது. எழும்புங்கோ!" என்று கத்தியே விட்டேன்.

"கால் வருகுதில்லை" என்றார். "எல்லா வீட்டிலயும் நான் இதைச் சொல்லிப்போட்டு வந்திட்டன். அதுக்குப் பிறகு அவை எப்பிடி எழும்பினவை எண்டு நான் பார்க்கேல்லை."

ஜன்னலுக்கு வெளியே கோட்டை முற்றத்தில் யாரோ பனி தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"உம்மட அண்ணர்" என்றார் திடீரென்று. "அண்டைக்குப் போனில என்ன சொன்னவர்?"

"அப்பாவுக்குக் கொஞ்சம் கடுமை, வெளிக்கிட்டு வா எண்டு."

"அதைக் கேட்ட உடன நீர் எழும்பினனீரோ?"

"ஓம். எழும்பி ஓடினனான்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கண்ணை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

"எனக்கும் அப்பிடிச் சொல்லும்."

மேலங்கியைக் கதிரையில் வைத்துவிட்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினேன். திரும்பத் தட்டினேன். உள்ளே வந்தேன்.

"உங்கட மனுசிக்குக் கொஞ்சம் கடுமையாம்" என்றேன். "ஆஸ்பத்திரியில வைச்சிருக்கினம். வெளிக்கிடுங்கோ, போவம்."

எழும்பினார். சீருடைச் சட்டையைக் கழற்றிவிட்டுப் பச்சை ஜம்பரைப் போட்டார். நான் பிடித்த மேலங்கிக்குள் சின்னப் பிள்ளை மாதிரிக் கையை விட்டார். படியில் இறங்கும்போது ஓட்டமும் நடையுமாக எனக்கு முன்னால் போனார்.

டாக்சி நகரத்துக்குள்ளால் ஊர்ந்தது. ஒவ்வொரு சிவப்பு விளக்குக்கும் அவர் முன்னுக்குக் குனிந்து பாதையைப் பார்த்தார். ஆஸ்பத்திரிக் கட்டடம் தெரிந்ததும் என் கையைப் பிடித்தார்.

"சரியான கடுமையோ?" என்றார்.

"ஓம்" என்றேன். "டொக்டர்மார் பார்த்துக்கொண்டிருக்கினம்."