ரயில்வே கேட்டில் நின்ற பேச்சு

அந்தக் கல்லூரிக்கு விடுதி கிடையாது. சோளக்காட்டுக்கு நடுவே இரண்டு கட்டடம், அவற்றைவிடப் பெரிய கார் நிறுத்துமிடம், அவ்வளவுதான். வேலை முடிந்த கையோடு வந்து, காருக்குள்ளேயே சாண்ட்விச்சை விழுங்கிவிட்டு வகுப்புக்கு ஓடுகிறவர்களின் கல்லூரி. அங்கே படித்ததாகப் பெருமையடித்துக்கொள்பவர்கள் குறைவு. ஆனால் அங்கே படித்தவர்கள் இல்லாவிட்டால் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் அந்த மூலையில் ஊசி போடவும் ஆள் இருக்காது, மின்கம்பம் ஏறவும் ஆள் இருக்காது.

லொரீன் ஸ்டட்ஸ்மன் அங்கே சேர்ந்தபோது நாற்பதைத் தாண்டியிருந்தாள். சமையலறையும் படுக்கையும் வைத்த சுற்றுலா வண்டிகளைச் செய்யும் தொழிற்சாலையில் ஜன்னல் பொருத்துவது அவள் வேலை. மேற்பார்வையாளர் பதவி வேண்டுமென்றால் ஈராண்டுப் பட்டம் வேண்டும் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. கணக்கில் தேறினாள், கணினியில் தேறினாள். மேடைப்பேச்சு மட்டும் பாக்கி. போன வருடம் எழுந்து நின்று, நாக்கு ஒட்டிக்கொண்டு, "மன்னிச்சிடுங்க" என்றபடி நேராகக் காருக்குப் போய்விட்டாள். இந்த முறையும் கோட்டை விட்டால், கோடையில் காலியாகும் பதவி வேறொருவருக்குப் போய்விடும்.

வீட்டில் ஒத்திகை பார்க்க முடியவில்லை. "செவுத்துக்கிட்டயா பேசுற?" என்று கணவன் மெர்ல் கேட்டதிலிருந்து காரில்தான். தீவன ஆலையைத் தாண்டும்போது வணக்கம், தேவாலயத்தருகே முன்னுரை என்று தினமும் அதே சாலையில் சொல்லிச் சொல்லி மனப்பாடம் ஆகிவிட்டது.

வகுப்புத் தோழன் ஒஸ்வால்டோவும் அதே வழியில் வருகிறவன். கிடங்கில் சரக்கு தூக்கும் வண்டி ஓட்டுகிறான்.

"நேத்து ரயில்வே கேட்டுல உங்க பின்னாடிதான் நின்னேன் லொரீன். கையை ஆட்டி யாரைத் திட்டிட்டு வந்தீங்க? மெர்லையா?"

"அவரைத் திட்ட கை எதுக்கு, வாயே போதும். பேச்சு ஒத்திகை."

"ரயில் போனதும்தான் கையை ஆட்டினீங்க."

"அந்தச் சத்தத்துல எனக்கே கேக்காது. நிறுத்திட்டு, அது போனதும் தொடங்குவேன். தினமும் பேச்சுல அதே இடத்துலதான் ரயில் குறுக்க வருது."

தேர்வு நாளில் ஆசிரியர் டேல் ஹாஸ்டெட்லர் கடைசி வரிசையில் மதிப்பெண் தாளோடு உட்கார்ந்தார். மூன்று ஊர்க் கல்லூரிகளுக்கு மாறி மாறிக் கார் ஓட்டிப் பாடம் எடுக்கிறவர். லொரீன் எழுந்தாள். போன வருடம்போல ஓடிவிடலாம் என்றே தோன்றியது. பிறகு அவளை அறியாமல் இரு கைகளும் மார்புக்கு நேரே உயர்ந்து, ஸ்டியரிங்கைப் பிடிப்பதுபோல் நின்றன. பேச்சு வந்தது.

மழை ஒழுகாமல் ஜன்னல் பொருத்துவது எப்படி என்பதுதான் தலைப்பு. சட்டத்தைத் துடைப்பது, பிசின் நாடாவைச் சுற்றி ஒட்டுவது, எல்லாம் தங்குதடையின்றி வந்தன. "நாடாவை ஒட்டியாச்சு. இனிமே ஜன்னலை அழுத்துறதுக்கு முன்னாடி..." என்றவள் நின்றுவிட்டாள். அடுத்த வாக்கியம் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. வகுப்பு காத்திருந்தது. டேல் பேனாவைக் கையில் எடுத்தார். லொரீனின் கண் கதவுப் பக்கம் போய்விட்டது.

ஒஸ்வால்டோ இருந்த இடத்திலிருந்தே, குரலை உயர்த்தாமல் சொன்னான்: "லொரீன், ரயில் போயிடுச்சு. கேட்டைத் தூக்கிட்டாங்க. போங்க."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு எல்லாருமே சிரித்தார்கள். கேட்டில் காத்துக் கிடக்காதவர் அந்த அறையில் யார்? லொரீனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவளுடைய வலது கால் தரையை லேசாக அழுத்தியது. "...நாலு மூலையையும் விரலால தடவிப் பாக்கணும்" என்று தொடங்கியவள் முடிவுரை வரைக்கும் எங்கும் நிற்கவில்லை.

நன்றி சொன்னதும், பழக்கதோஷம், வலது கை இல்லாத கார்ச் சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தது. டேல் அதைப் பார்த்துவிட்டார்.

"வண்டியை நிறுத்தியாச்சா?"

"நிறுத்தியாச்சு."

"அப்ப பாஸ்" என்றார்.